கடை லேண்ட்லைனை இணைய போனுக்கு மாற்றும் முன்

ஈரோட்டில் இன்டர்காம், கேமரா, நெட்வொர்க் வேலைதான் என் பிழைப்பு. ஜவுளிக் கடை, மஞ்சள் மண்டி, லாரி புக்கிங் ஆபீஸ் என்று எங்கே போனாலும் இப்போது ஒரே கேள்விதான். "ஏனுங்க, இந்தக் கம்பி லைன் மாசத்துல பாதி நாள் செத்துக் கெடக்குது. நெட் போனுக்கு மாத்திப்போடலாமுங்களா?"

தாராளமாக மாற்றலாம். ஆனால் பெரும்பாலானோர் தொடங்குகிற இடம்தான் தப்பு. கலர் திரை வைத்த போனைக் கடையில் பார்த்து, நான்கு வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன் கருவி கடைசியில் வாங்க வேண்டியது. முதலில் எண், அடுத்து இணையம், மூன்றாவது கரண்ட், பிறகு வயர். இவ்வளவும் முடிந்த பிறகு எந்தக் கருவியை வைத்தாலும் பேசும்.

நான் எழுதுவது இரண்டு லேண்ட்லைன், ஆறு முதல் பத்து எக்ஸ்டென்ஷன், சுவரில் ஒரு பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி (வெளி லைனை உள்ளே இருக்கும் போன்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) என்றிருக்கும் கடைக்கு. முப்பது பேர் உட்கார்ந்து பேசும் கால் சென்டருக்கு வேறு கணக்கு.

எண்ணைப் பத்திரப்படுத்துவது

0424 போட்டு ஏழு இலக்கம். அது பில் புக்கில் இருக்கிறது, மஞ்சப்பையில் இருக்கிறது, போன வருஷம் கொடுத்த நாள்காட்டியில் இருக்கிறது, கூகுள் மேப்பில் இருக்கிறது. கேரளத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை சரக்கு எடுக்கிற வியாபாரியின் டைரியில் இருக்கிறது. அவரிடம் போய் "எண் மாறிவிட்டது" என்று யார் சொல்வது?

செல்போன் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகலாம். 2015 ஜூலையிலிருந்து மாநிலம் தாண்டியும் எடுத்துப் போகலாம். லேண்ட்லைன் எண்ணுக்கு நம் நாட்டில் அந்த வசதி கிடையாது. பிஎஸ்என்எல் எண் என்றால் அது பிஎஸ்என்எல்லிடமே இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வேறு கம்பெனி ஃபைபரை வாங்கி, பழைய லைனைச் சரண்டர் செய்து, எண்ணைப் பறிகொடுத்தவர்கள் இந்த ஊரிலேயே நிறையப் பேர்.

ஆகவே வழி இரண்டு. எண்தான் பெரிது என்றால் அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறுங்கள். செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்குப் போகும்போது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் "பழைய எண்ணிலேயே தொடர வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பில் பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள், பாதி இழுபறி அங்கேதான் வருகிறது. இரண்டு லைனுக்கும் சேர்த்து ஹன்ட்டிங் போட்டிருந்தீர்களானால் (ஒன்று பிஸியாக இருந்தால் அடுத்ததில் அடிக்குமே, அது) அதையும் தனியாகக் கேளுங்கள். ஃபைபரில் அது தானாக வந்து சேராது. மாறிய பிறகு முதல் எண் பிஸி டோன் கொடுப்பதும், இரண்டாவது போன் சும்மா கிடப்பதும் இதனால்தான்.

வேறு நிறுவனம்தான் வேண்டும் என்றால் புது எண் வரும். அப்போது பழைய லைனை, இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு மாற்றி, புது எண்ணுக்கு ஃபார்வர்டு போட்டு, குறைந்தது அடுத்த தீபாவளி வியாபாரம் முடியும் வரையாவது உயிரோடு வைத்திருங்கள். ஃபார்வர்டு நடப்பது எக்ஸ்சேஞ்சில். உங்கள் வாசல் கம்பி அறுந்து கிடந்தாலும் அழைப்பு புது எண்ணுக்குத் திரும்பிப் போகும். லைனில் டயல் டோன் வருகிற ஒரு நல்ல நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள். திரும்பும் அழைப்புக்கு உங்கள் கணக்கில் காசு பிடிப்பார்களா என்பதைத் திட்டத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று வகை, எது உங்களுக்கு

ஒன்று, ஃபைபர் பெட்டியிலேயே இருக்கும் போன் ஓட்டை. ஓஎன்டி என்கிற அந்த வெள்ளைப் பெட்டியின் பின்னால், இணைய வயர் சொருகும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக ஒன்றோ இரண்டோ இருக்கும். பழைய போனை அதில் சொருகினால் டயல் டோன் வரும். அந்த ஓட்டையிலிருந்து ஒரு வயரை எடுத்து, உங்கள் பழைய இபிஏபிஎக்ஸின் வெளி லைன் ஓட்டையில் கொடுத்துவிட்டால் உள்ளே எதுவுமே மாறாது. அதே எக்ஸ்டென்ஷன், அதே போன், கல்லாவில் இருப்பவருக்கு மாறியதே தெரியாது. இரண்டு லைன் மட்டும் உள்ள கடைகளில் பாதிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் குறைவுதான், பரவாயில்லை.

இரண்டு, சிப் டிரங்க். செல்போன் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இணையத்தில் குரல் அழைப்பை அமைத்துக் கொடுக்கும் முறைக்குப் பெயர் சிப். அந்த முறையில் நிறுவனத்திலிருந்து வரும் வெளி லைன் இணைப்புதான் டிரங்க். ஒரே இணைப்பில் நான்கோ, எட்டோ, பத்தோ பேர் ஒரே நேரத்தில் வெளியே பேசலாம். கடையில் ஒரு ஐபி பிபிஎக்ஸ் பெட்டி வேண்டும், இபிஏபிஎக்ஸ் வேலையை இணையத்தில் செய்வது அது. ரெடிமேட் பெட்டிகள் கிடைக்கின்றன. வடோதராவின் மேட்ரிக்ஸ் நம் நாட்டுத் தயாரிப்பு. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் கூடவே இருந்தால், 1999இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டும் ஓட்டலாம். அவன் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் அன்றைக்கே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, எல்லாம் கிளவுடில், அதாவது நிறுவனத்தின் கம்ப்யூட்டரில். கடையில் பெட்டியே கிடையாது. ஒரு எண் தருவார்கள்; அதில் வருகிற அழைப்பு உங்கள் ஆட்களின் செல்போனில் அடிக்கும். வெளியூரில் சுற்றுகிற விற்பனைப் பிரதிநிதிகள் நான்கு பேர் இருந்தால் இது நல்லது. செல்லுக்குத் திருப்பிவிடும் நிமிடங்களுக்கும் கட்டணம் உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதில் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2002 ஏப்ரலில் நம் நாட்டில் இணையத் தொலைபேசியை அனுமதித்தபோது, கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்நாட்டு எண்களோடு இணைத்துப் பேச வழி விட்டது 2018இல், அதுவும் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக. எனவே டிரங்கை உரிமம் உள்ள நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்கள். ஜிஎஸ்டி சான்று, பான், முகவரிச் சான்று கேட்பார்கள். கேட்காமல் கொடுக்கிறவன் பக்கம் போகாதீர்கள். வரிசையாக சிம் சொருகிய பெட்டியைக் கொண்டுவந்து "உங்க கடையில ஒரு மூலையில வெச்சுக்கிறேன், மாச வாடகை தர்றேன்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாகக் காட்டும் சிம் பாக்ஸ் அது. போலீஸ் வந்தால் இடம் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

இணையம்: வேகத்தை விட நிதானம்

"நூறு எம்பி போட்டிருக்கேன், போதுமா?" என்று கேட்கிறார்கள். குரலுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். வழக்கமான ஜி.711 முறையில் நொடிக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். 64 கிலோபிட். இதைத் துண்டு போட்டு, 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட்டாக நொடிக்கு 50 பாக்கெட் போகும். ஒவ்வொன்றின் முகவரிச் சுமையையும் சேர்த்தால் ஏறத்தாழ 87 கிலோபிட். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் போக அரை எம்பி, வர அரை எம்பி. எந்த ஃபைபர் திட்டத்திலும் இது தூசு.

பிரச்சினை அப்லோடில்தான். எட்டு கேமராவும் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும், டாலி பேக்கப் ஓடும், மேலே பையன் சேலை வீடியோ ஏற்றுவான். அந்த நேரத்தில் நீங்கள் பேசுவது எதிராளிக்கு விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்: கடையின் நெருக்கடி நேரத்தில், காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரையும், மாலை ஆறிலிருந்து எட்டு வரையும், ஒரு கம்ப்யூட்டரில் பிங் ஓடவிடுங்கள் (ஒரு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி என்று காட்டும் கட்டளை அது). சராசரியைப் பார்க்காதீர்கள், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 12, 13, 12, 14 என்று வந்தால் அருமை. 12, 90, 15, 240 என்று துள்ளினால் வேகம் எவ்வளவு இருந்தாலும் பேச்சு கெடும். துள்ளல் 30 மில்லிவினாடிக்குள், பாக்கெட் இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்குள் இருக்க வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடி தாண்டக்கூடாது என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ரவுட்டரில் இரண்டு மாற்றம். சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி தானாகவே ஆனில் இருக்கும். பெயரைப் பார்த்தால் உதவி செய்வதுபோல இருக்கும், பெரும்பாலும் உபத்திரவம்தான். ஆஃப் செய்யுங்கள். அப்புறம், போன்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் கியூஓஎஸ் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லாத ரவுட்டர் என்றால் கேமரா அப்லோடுக்கு ஒரு வரம்பு வைத்தாலே பாதி சரியாகும்.

கரண்ட் போனால்

பழைய லேண்ட்லைனின் பெருமை இது ஒன்றுதான். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டானாலும் டயல் டோன் இருந்தது. ஃபைபர் கண்ணாடி, அதில் கரண்ட் வராது. ஓஎன்டி, ரவுட்டர், சுவிட்ச், பிபிஎக்ஸ், போன் எல்லாம் உங்கள் கரண்டில்தான் ஓட வேண்டும்.

கூட்டிப் பாருங்கள்: ஓஎன்டியும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட், நான்கு போனைத் தாங்கும் பிஓஇ சுவிட்ச் (நெட் வயரிலேயே போனுக்குக் கரண்டும் கொடுப்பது) ஒரு 30 வாட். மொத்தம் 50. கம்ப்யூட்டருக்கு வாங்கும் சின்ன யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருக்கும்; கணக்குப்படி 84 வாட் மணி, கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான். முக்கால் மணி நேரம் ஓடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை ஒன்பதுக்கு நிறுத்தி மதியம் தாண்டிக் கொடுக்கும் நாளில் இது எந்த மூலைக்கு? கடை இன்வர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். 150 ஆம்பியர் மணி பேட்டரிக்கு இந்த 50 வாட் ஒரு சுமையே இல்லை.

இன்வர்ட்டரில் சேர்த்தாலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கரண்ட் போய் இன்வர்ட்டர் பிடிக்கிற அந்தக் கண நேரத்தில் ஃபேன் நிற்காது, ஆனால் ரவுட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆகும். அது எழுந்து, போன்கள் பதிவாகி, டயல் டோன் வர இரண்டு மூன்று நிமிடம். பேசிக்கொண்டிருந்தவர் கட். நிறைய இன்வர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் இன்வர்ட்டர் அல்லது ஈகோ, மறுபக்கம் யுபிஎஸ். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். காசில்லாமல் தீர்கிற ஒரே பிரச்சினை இதுதான். அந்த சுவிட்ச் இல்லாத பழைய இன்வர்ட்டர் என்றால், ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி நடுவில் வையுங்கள்.

உங்கள் பக்கம் எல்லாம் எரிந்தும் ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டுகிறதென்றால், ஃபைபர் அறுந்திருக்கலாம், அல்லது தெருமுனையில் உங்கள் ஏரியாவுக்கு இணைப்புக் கொடுக்கும் பெட்டிக்கே கரண்ட் இல்லாமல் இருக்கலாம். அங்கே பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று இணைப்புக் கொடுக்க வருகிற ஆளிடம் கேளுங்கள்; ஆபீஸில் இருப்பவரை விட அவருக்குத்தான் தெரியும். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: "இணைப்பு கிடைக்காதபோது இந்தச் செல்லுக்குத் திருப்பு" என்று நிறுவனத்தின் பக்கத்திலேயே போட்டுவைக்கச் சொல்வது. உங்கள் பெட்டியில் போட்ட ஃபார்வர்டு, பெட்டியே செத்தபின் உதவாது. 4ஜி டாங்கிளை மாற்று ஏற்பாடாக வைக்கலாமா என்றால், பல டிரங்குகள் அந்த நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே பேசும்படி கட்டியிருக்கும். வாங்கும் முன்னே கேட்டுவிடுங்கள். 108, 112 போன்ற அவசர அழைப்புக்கு ஒரு செல்போனைக் கல்லாவிலேயே வைத்திருங்கள்.

வயர்

வாசலில் ஒரு சின்னச் சதுரப் பெட்டி இருக்கும், ரோசெட். லைன்மேன் கொண்டுவந்த கம்பி அதில் முடிந்து, அங்கிருந்து உள்ளே போகும். ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஜோடிக் கம்பிக்கு மூன்று ஜோடி முறுக்கியிருக்கும்: ஒன்று இபிஏபிஎக்ஸுக்கு, ஒன்று பழைய ஃபேக்ஸுக்கு, ஒன்று மாடியில் பெரியவர் அறைக்கு என்று யாரோ எப்போதோ கொடுத்த பேரலல். ஓஎன்டியின் போன் ஓட்டையை இந்தக் கூட்டத்தோடு இணைக்கும் முன், வெளியிலிருந்து வரும் பழைய கம்பியைக் கழற்றி, தனியாக டேப் சுற்றி ஒதுக்குங்கள். அது பெயருக்குச் செத்த லைனாக இருந்தாலும் சில நாள் 48 வோல்ட் வந்து தொலைக்கும். மணி அடிக்கிறபோது அதைவிட அதிகம். ஓஎன்டியின் போன் ஓட்டை போய்விடும்.

ஐபி போனுக்கு (நேராக நெட்டில் பேசும் போன்) கேட்-6 என்கிற நெட் வயர், ஒரு ஓட்டம் 100 மீட்டருக்குள். வைஃபையில் போனை ஓட்ட வேண்டாம், ஜவுளிக் கட்டுகள் அடுக்கிய கடையில் சிக்னல் அடிக்கடி படுத்துக்கொள்ளும். வயரை பிவிசி பைப்புக்குள் விடுங்கள், குடோனில் எலி இருக்கிறது. கடைக்கும் குடோனுக்கும் நடுவே வெட்டவெளி இருந்தால் அங்கே கேட்-6 இழுக்காதீர்கள். இடி விழுந்தால் இரண்டு பக்க சுவிட்சும் சேர்ந்து போகும். ஃபைபர் இழுத்து இரண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை நெட் வயருக்கு மாற்றும் சின்னப் பெட்டி) வையுங்கள். செம்பு லைன் இருந்த காலத்தில் ஐப்பசி மழைக்கு இபிஏபிஎக்ஸ் கார்டு மாற்றுவதே எங்களுக்குப் பாதி வேலை. வாசல் வரை ஃபைபர் வந்த பிறகு அந்த வழி அடைபட்டது, கட்டடத்துக்குள் நாமே வேறு வழி திறக்கக்கூடாது.

பழைய போன்களை எறிய வேண்டாம். அனலாக் போனை ஐபிக்கு மாற்றும் கேட்வே பெட்டி ஒன்று, இரண்டு, நான்கு ஓட்டைகளில் கிடைக்கிறது. கல்லாவுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் ஐபி போன், மற்றவர்களுக்குப் பழைய போனே கேட்வே வழியாக என்று வைத்தால் செலவு நன்றாகக் குறையும்.

சுழற்றும் விதி

இதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள், அதனால் நின்று பார்க்கலாம். 2021 ஜனவரி 15இலிருந்து லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்க முன்னால் 0 போட வேண்டும். டிரங்கில் உங்களுக்குக் கிடைத்திருப்பது லேண்ட்லைன் வகை எண், ஆகவே அதே விதிதான். ஆனால் ஆட்கள் செல்லில் பழகிய கையோடு பத்து இலக்கத்தை நேராக அடிப்பார்கள், "இந்த எண் தவறானது" என்று வரும். பிபிஎக்ஸில் விதி எழுதிவிடுங்கள்: 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் முன்னால் 0 சேர். 2இல் தொடங்கும் ஏழு இலக்கம் என்றால் உள்ளூர், 0424 சேர். 00இல் தொடங்கினால் மறு.

இன்னொன்று. உள்ளே வரும் அழைப்பின் எண் சில டிரங்குகளில் +91 சேர்ந்து வரும். தவறிய அழைப்புப் பட்டியலில் அதை அழுத்தித் திரும்ப அழைத்தால் போகாது. +91ஐ வெட்டி 0 போடும் விதியையும் சேர்த்து எழுதுங்கள். போன் மாற்றிய முதல் வாரத்தில் வருகிற புகார்களில் பாதி இந்த இரண்டு விதிகளால் தீர்ந்துவிடும். வெளி லைனுக்கு முதலில் 0 அடிக்கும் பழைய இபிஏபிஎக்ஸ் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் 00 ஆகி வெளிநாட்டு அழைப்பு என்று பெட்டி நினைத்துக்கொள்ளும்.

யார் எடுப்பது என்பதும் விதிதான். ஈஸ்வரன் கோயில் வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நான் வைத்துக் கொடுத்தது: முதல் 15 வினாடி கல்லாவும் கணக்குப்பிள்ளை மேசையும் சேர்ந்து அடிக்கும், எடுக்கவில்லையென்றால் அடுத்த 15 வினாடி மாடி, அதற்கும் மேலே போனால் முதலாளி செல்லில் இருக்கும் ஆப். அந்த ஆப்புக்கு ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்குக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அரை மணி நேரத்தில் செல் அதைத் தூங்க வைத்துவிடும், முதலாளி "எனக்கு அடிக்கவே இல்லை" என்பார்.

"விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்" எல்லாம் இந்த அளவுக் கடைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பழைய வியாபாரி மெஷின் குரலைக் கேட்டதும் தப்பு எண் என்று வைத்துவிடுவார். கடை மூடிய பிறகு மட்டும் ஒரு பதிவு போதும். அதைக் கடையில் இருப்பவரே பேசட்டும். ஃபேனை நிறுத்தி, செல்லில் பதிந்து, 8 கிலோஹெர்ட்ஸ் மோனோ வேவ் கோப்பாக மாற்றி ஏற்றினால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். எம்பி3யை அப்படியே ஏற்றினால் பல பெட்டிகள் வாயே திறக்காது.

மாற்றும் நாள்

ஜவுளிக் கடை என்றால் திங்களும் செவ்வாயும் வேண்டாம், கனி மார்க்கெட் சந்தை நாள். ஞாயிறும் வேண்டாம், கடை காலியாக இருக்கும், ஆனால் நிறுவனத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. புதன் அல்லது வியாழன் மதியம் மூன்று மணி எனக்குப் பிடித்த நேரம். முதல் வாரம் பழைய இபிஏபிஎக்ஸைக் கழற்றாமல், புதுப் போன்களைப் பக்கத்திலேயே வையுங்கள்.

மாற்றியதும் சோதிக்க வேண்டியவை: செல்லிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து செல்லுக்கு, உள்ளூர் லேண்ட்லைனுக்கு, எஸ்டிடிக்கு. ஒரு வங்கியின் சேவை எண்ணுக்கு அடித்து எண்களை அழுத்தினால் எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எடுக்கவில்லையென்றால் பெட்டியின் அமைப்பில் டிடிஎம்எஃப் முறையை (அழுத்திய எண்ணை எதிர்முனைக்கு அனுப்பும் விதம்) ஆர்எஃப்சி 2833 என்பதற்கு மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் வெளியே பேசிப் பாருங்கள். கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பேச்சு தொடர்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் செய்ய விடுவதில்லை, வற்புறுத்திச் செய்யுங்கள்.

வரக்கூடிய கோளாறுகளில் சிலவற்றுக்கு அடையாளம் தெளிவானது. ஒரு பக்கம் கேட்கிறது, மறுபக்கம் கேட்கவில்லை என்றால் ரவுட்டர்தான், முதலில் சிப் ஏஎல்ஜியைப் பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்து சரியாக 32 வினாடியில் கட் ஆனால், எதிர்முனை அனுப்பும் ஒப்புகைச் செய்தி உங்கள் ரவுட்டரைத் தாண்டி வரவில்லை. சிப் முறை அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் 15 நிமிடத்திலோ 30 நிமிடத்திலோ கட் ஆனால், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே சரிபார்க்கும் செஷன் டைமர்தான் காரணம். எதிரொலி கேட்டால் பெரும்பாலும் பழைய போன் இருக்கும் கேட்வே பக்கம். நிறுவனத்துக்கு போன் செய்யும்போது "சரியா வர மாட்டேங்குது" என்று சொல்லாமல் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை வினாடியில் என்று சொல்லுங்கள். பேச்சே மாறும்.

பூட்டு

பழைய லைனில் திருட்டு என்றால் யாராவது கம்பத்தில் ஏற வேண்டும். இதில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவன் சிப் அழைப்பு வரும் 5060 என்ற கதவைத் தட்டிப் பார்க்கிறான், நாள் முழுக்க. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைத்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக நீங்கள் கேள்விப்படாத தேசங்களுக்கு அழைப்பு ஓடும், பில் உங்களுக்கு வரும். ஐஎஸ்டியை உங்கள் பெட்டியில் மட்டுமின்றி நிறுவனத்திடமும் சொல்லிப் பூட்டுங்கள். வெளிநாட்டு வியாபாரியோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம். ரவுட்டரில் பிபிஎக்ஸுக்கு போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து நேராக வர வழி திறந்து விடுவது) எதுவும் வேண்டாம். முதலாளி செல்லில் ஆப் வேண்டும் என்றால் விபிஎன் என்கிற பூட்டிய தனிப்பாதை வழியாகக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, அதை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வையுங்கள். உங்களுக்கு வேலை செய்து கொடுத்தவரிடம் மட்டும் அது இருக்கக்கூடாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதிதாகக் கிடைத்த வசதியில் ஆடித் தள்ளுபடியை எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லலாம் என்று தோன்றும். விளம்பர அழைப்புக்கு 140இல் தொடங்கும் தனி வரிசையும் பதிவும் உண்டு. கடை எண்ணிலிருந்து மொத்தமாக அடித்து, புகார் போனால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எண்ணையே துண்டிப்பார்கள்.

பழைய எண்ணிலேயே ஃபைபருக்கு மாறியவர்கள் எதையும் சரண்டர் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டு பில்லில் பழைய வாடகையும் புது வாடகையும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண் மாறியவர்கள், ஃபார்வர்டில் அழைப்பு வருவது நின்றபிறகு சரண்டர் விண்ணப்பத்தோடு போன் கருவியையும் கொடுத்து, டெபாசிட் பணத்துக்கான வங்கிக் கணக்கு விவரத்தையும் அதே நாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இபிஏபிஎக்ஸ் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன் உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.